சௌத் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். பழைய கிணற்று மண்டபத்தில் ஒரு படம், மணிக்கூண்டின் கீழே ஒரு படம், மைக்கேல் ஜோர்டன் படித்த இடம் என்பதற்காகக் கூடைப்பந்து அரங்கம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் கேரி, மோரிஸ்வில் ஊர்களின் தமிழ்க் குடும்பங்களும், கல்லூரிக்குப் போகும் வயதை நெருங்கும் பிள்ளைகளோடு வந்து இதே சுற்றைத்தான் சுற்றுகின்றன. மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. சோன்யா ஹேன்ஸ் ஸ்டோன் கறுப்பினப் பண்பாட்டு, வரலாற்று மையம் என்று பெயர். பெயரைப் படித்ததும் "அது அவங்களுக்குன்னு இருக்கிற இடம், நாம போகலாமா?" என்று ஒரு தயக்கம் வருகிறது. தாராளமாகப் போகலாம். பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் இடம்தான். கலைக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது.

உள்ளே ராபர்ட், சாலி பிரவுன் பெயரிலான கலைக்கூடம் இருக்கிறது. கறுப்பின வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தனி நூலகம், நாடகங்களும் திரையிடல்களும் நடக்கும் அரங்கம், வகுப்பறைகள், நடனப் பயிற்சிக்கான கூடம் ஆகியவையும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஸ்டோன் நினைவுச் சொற்பொழிவு நடக்கிறது. கறுப்பினத் திரைப்படங்களுக்கென்று ஒரு விழா உண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டமும் உண்டு. பட்டியலாகச் சொன்னால் இவ்வளவுதான். இதற்காக மாணவர்கள் கைதாகும் அளவுக்கு ஏன் போராடினார்கள் என்பது இந்தப் பட்டியலில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, கட்டடம் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

இந்த மாதிரி மையங்கள் அமெரிக்காவின் பல வளாகங்களில் உண்டு. யேல், பர்டியூ, இந்தியானா, இல்லினாய், நார்த்வெஸ்டர்ன் என்று எதை எடுத்தாலும் தொடக்க ஆண்டு 1968 அல்லது 1969ஆக இருக்கும். அது தற்செயல் இல்லை. 1960களின் நடுப்பகுதி வரை கறுப்பின மாணவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவருக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரிகளில்தான் படித்தார்கள். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் மெல்லக் கதவைத் திறந்தன. உள்ளே வந்தவர்கள் கண்டது வேறு உலகம். பாடத்திட்டத்தில் அவர்கள் வரலாறு இல்லை. ஆசிரியர்களில் அவர்கள் இனத்தவர் இல்லை, இருந்தாலும் ஒருவரோ இருவரோதான். விடுதியில் அறையைப் பகிர்ந்துகொள்ள மறுக்கும் சக மாணவர்கள், வாடகைக்கு வீடு தர மறுக்கும் ஊர்க்காரர்கள். முடிவெட்டிக்கொள்ளக்கூட வளாகத்தை விட்டு வெளியே போக வேண்டிய நிலை. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

ஒரு மாதத்துக்குள், மே 3 அன்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கட்டணம் வசூலிக்கும் அலுவலகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 38 மணி நேரம் உள்ளிருப்புப் போராட்டம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே சாமர்த்தியம் இருந்தது. கல்லாப்பெட்டியில் போய் உட்கார்ந்தால் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வராமல் என்ன செய்யும்? அங்கே கிடைத்ததுதான் 'பிளாக் ஹவுஸ்' என்ற வீடு. அடுத்த ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கக் கட்டடமே கைப்பற்றப்பட்டது. இந்தியானா பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனில் கறுப்பின மாணவர்கள் ஆப்பிரிக்க உடைகளும் புத்தகங்களும் விற்க ஒரு கடை நடத்தினார்கள். 1968 டிசம்பரில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆட்கள் அதைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். மறு ஆண்டு அங்கே கறுப்பினப் பண்பாட்டு மையம் தொடங்கியது. இன்று அது நீல்-மார்ஷல் மையம். 1895இல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின ஆண், 1919இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண், இருவர் பெயரும் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே உள்ள 24 ஆண்டு இடைவெளி தனிக்கதை.

சேப்பல் ஹில்லுக்கு வருவோம். 1795இல் வகுப்புகளைத் தொடங்கிய பழைய அரசுப் பல்கலைக்கழகம் இது. முதல் கட்டடங்களில் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் சிலர் பெயர் தெரியும், பலர் பெயர் தெரியாது. தெரிந்தவர்களில் ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன். பக்கத்து மாவட்டத்தில் அடிமையாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் விற்க வளாகத்துக்கு நடந்தே வருவார். வந்த இடத்தில் மாணவர்களுக்குக் காதல் கவிதை சொல்லத் தொடங்கினார். காதலியின் பெயரெழுத்துகள் வரிசையாக வரும்படி அடி அமைத்துத் தருவார். விலை 25 சென்ட் முதல் 75 சென்ட் வரை. தொடக்கத்தில் அவருக்கு எழுதத் தெரியாது. மனத்துக்குள்ளேயே கட்டி வாயால் சொல்ல, வாங்குகிற மாணவர் எழுதிக்கொள்வார். 1829இல் அவர் கவிதைகள் நூலாக வந்தன. அந்தப் பணத்தில் தன் விடுதலையை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நம்பினார். நடக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல்தான் விடுதலை கிடைத்தது. இன்று அவர் பெயரில் அங்கே ஒரு விடுதி இருக்கிறது. அவர் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க மட்டும் அவருக்கு வழியில்லை.

வழி திறக்க இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1938இல் பாலி மரே என்ற இளம்பெண் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். இனத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தது எந்தக் குடும்பத்திலோ, அந்தக் குடும்பம் இதே பல்கலைக்கழகத்துக்கு நிலம் எழுதிவைத்த குடும்பம். மரே பின்னாளில் நாடறிந்த வழக்கறிஞராகவும் சிவில் உரிமைச் சிந்தனையாளராகவும் ஆனார் என்பது வேறு. 1951இல் நீதிமன்ற ஆணையோடு சட்டக் கல்லூரிக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு அவர்களுக்குத் தந்த டிக்கெட், மாணவர் வரிசைக்கானது அல்ல. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய மூலைக்கானது. வகுப்பறையில் பக்கத்தில் உட்காரலாம், மைதானத்தில் கூடாது. அவர்கள் சண்டை போட்டுத்தான் மாணவர் வரிசையில் இருக்கை கிடைத்தது. 1955இல் இளநிலைப் படிப்புக்குப் பக்கத்து நகரமான டர்ஹாமிலிருந்து 3 கறுப்பின இளைஞர்கள் வந்தபோது, விடுதியில் ஒரு தளத்தையே அவர்களுக்கென்று ஒதுக்கி மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள். பிற்காலத்தில் கறுப்பின மாணவர்கள் தனியிடம் கேட்டபோது 'பிரிவினை' என்று பதறியதும் இதே பல்கலைக்கழகம்தான்.

1967இல் கறுப்பின மாணவர் இயக்கம் அங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டு நிர்வாகத்திடம் 23 கோரிக்கைகள் கொடுத்தது. 1969 பிப்ரவரியில் லெனோர் உணவுக்கூடத்தில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது மாணவர்கள் அவர்களோடு நின்றார்கள். ஆளுநர் போலீஸை அனுப்பினார். போராட்டக்காரர்கள் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் தாங்களே சமைத்துப் பரிமாறினார்கள். வளாகத்தில் படிப்பவர்களும் வளாகத்தைச் சுத்தம் செய்து சோறு போடுபவர்களும் சேர்ந்து நின்றது சேப்பல் ஹில் போராட்டங்களின் அடையாளமாகவே ஆகிப்போனது. 1992இல் அது மறுபடி தெரியும்.

சோன்யா ஹேன்ஸ் ஸ்டோன் 1974இல் அங்கே ஆசிரியராக வந்தார். ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பிரிவை நடத்தினார். கறுப்பின மாணவர் இயக்கத்துக்கு ஆலோசகர் அவர்தான். 1979இல் அவருக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டது. மாணவர்களும் வெளியே இருந்தவர்களும் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டு முடிவு மாறியது. இந்த ஒரு சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அவர் பெயரையே மாணவர்கள் ஏன் பிடிவாதமாகக் கேட்டார்கள் என்பது புரியும். 1988இல் பண்பாட்டு மையம் தொடங்கியது. எங்கே? மாணவர் சங்கக் கட்டடத்தில், தற்காலிகமாக ஒரு சிறிய அறையில். 1991 ஆகஸ்டில் ஸ்டோன் திடீரென்று காலமானார். மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தற்காலிக அறை மட்டும் அப்படியே இருந்தது.

1992இல் மாணவர்கள் கேட்டது தனிக் கட்டடம். அதோடு ஸ்டோன் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கையும், துப்புரவுப் பணியாளர்களுக்கு நல்ல சம்பளமும் கேட்டார்கள். அந்தப் பணியாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், 1991இலிருந்து நிர்வாகத்தோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் வழக்கு 1996இல்தான் சமரசத்தில் முடிந்தது. கட்டடம் கேட்கும் மனுவில் துடைப்பம் பிடிக்கிறவர்களின் சம்பளமும் இடம்பெற்றதை நான் முக்கியமாக நினைக்கிறேன். படித்து முன்னேறப் போகிறவர்களுக்கான சலுகை என்று அந்தக் கோரிக்கையை யாரும் ஒதுக்கிவிட முடியாதபடி அது செய்துவிட்டது.

அப்போது சான்சலராக, நம்மூர்க் கணக்கில் துணைவேந்தராக, இருந்தவர் பால் ஹார்டின். தனிக் கட்டடம் கட்டினால் கறுப்பின மாணவர்கள் தனித்தீவாக ஒதுங்கிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்ல முடியாது. பிரித்து வைத்ததை எதிர்த்துத்தானே இத்தனை ஆண்டு போராடினீர்கள், இப்போது நீங்களே பிரிந்து போகிறீர்களா என்று நல்ல மனதுள்ள வெள்ளையர்களும் கேட்டார்கள். ஆனால் அந்த ஊரில் சற்று நடந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். வளாகத்தை ஒட்டிய தெருக்களில் ஆண் மாணவர் கழகங்களுக்குத் தூண் வைத்த பெரிய வீடுகள் இருக்கின்றன. கத்தோலிக்க மாணவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, யூத மாணவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. யாரும் அவற்றைப் பிரிவினை என்று சொன்னதில்லை. கறுப்பினத்தவர் ஒன்றாக உட்கார்ந்தால் மட்டும் அது கோட்டையாகத் தெரிந்தது.

அந்தச் செப்டம்பரில் மாணவர்கள் ஹார்டினின் வீட்டு வாசலுக்கே ஊர்வலமாகப் போனார்கள். கால்பந்து அணியின் 4 கறுப்பின வீரர்கள் ஒரு கறுப்பின விழிப்புணர்வுக் குழுவைத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் கால்பந்து வீரர் வாயைத் திறந்தால் அதற்கு இருக்கும் எடை வேறு. சனிக்கிழமை அவர் ஆடாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஏற்படும் நட்டம் அப்படி. செப்டம்பர் 18 அன்று கூடைப்பந்து அரங்கில் கறுப்பினத் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ பேசினார். ஆயிரக்கணக்கில் கூட்டம். நிர்வாகம் இறங்கிவந்தது, தனிக் கட்டடத்துக்கு ஹார்டின் ஒப்புக்கொண்டார்.

அடுத்த சண்டை, எங்கே கட்டுவது என்பதில். மாணவர்கள் கேட்ட மனை வளாகத்தின் நடுவே, வில்சன் நூலகத்துக்கும் டே ஹாலுக்கும் இடையே. நிர்வாகம் காட்டிய இடம் சௌத் ரோட்டைத் தாண்டி, மணிக்கூண்டுப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த பகுதி. வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை, சில நிமிட நடைதான். வெளியாள் யாரும் இதற்கா சண்டை என்று கேட்பார். ஊருக்குள்ளே மனை கேட்டவனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் பட்டா எழுதிக் கொடுப்பது என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1993 ஏப்ரலில் மாணவர்கள் சான்சலர் அலுவலகம் இருக்கும் கட்டடத்தில் உட்கார்ந்தார்கள்; 16 பேர் கைது செய்யப்பட்டார்கள். ஜூலையில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது: சாலைக்கு அந்தப் பக்கம்தான்.

மாணவர்கள் வில்சன் நூலகத்துக்குப் பக்கத்து மனையைக் கேட்டதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அவர்கள் அதை நினைத்துக் கேட்டார்களோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் படுகிறது. அந்த நூலகத்துக்குள்தான் தென்மாநில வரலாற்றுச் சேகரம் இருக்கிறது. 1930இல் தொடங்கியது. பருத்தித் தோட்ட முதலாளிகளின் கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், உயில்கள் எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடிமைகளின் பெயரும் வயதும் மாடு, கோவேறு கழுதைகளின் கணக்கோடு சேர்ந்து விலை போட்டு எழுதப்பட்ட பக்கங்கள் அவற்றில் உண்டு. இன்று தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களே ஆதாரம். சொத்தாக எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுத ஒரு கட்டடம் கேட்டார்கள்.

அனுமதி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. கட்டுமானச் செலவை நன்கொடைகளில் திரட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 90 லட்சம் டாலர் சேரப் பல ஆண்டுகள் ஆயின. 2004 ஆகஸ்டில்தான் கட்டடம் திறக்கப்பட்டது. 1992இல் முழக்கம் போட்டவர்கள் அதற்குள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றிருப்பார்கள். வரைந்தவர் டர்ஹாமைச் சேர்ந்த கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஃபில் ஃப்ரீலான். 2016இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தை உருவாக்கிய குழுவிலும் முதன்மையானவர் அவர்தான்.

மையத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சுற்றுவட்டாரமே பாடம் நடத்தும். மணிக்கூண்டைத் தாண்டிப் போனால் கெனன் கால்பந்து மைதானம். 1927இல் மகன் தன் பெற்றோர் நினைவாகக் கட்டிக்கொடுத்தது. அந்தத் தந்தை, 1898இல் வில்மிங்டன் நகரில் தேர்தலில் வென்ற கலப்பின நகராட்சியை வெள்ளையர் ஆயுதத்தோடு கவிழ்த்துக் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தபோது, இயந்திரத் துப்பாக்கிப் படைக்குத் தலைமை தாங்கியவர். இது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, 2018இல் நினைவுப் பலகையை மகன் பெயருக்கு மாற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. குடும்பப் பெயர் ஒன்றுதான் என்பதால் மைதானத்தின் பெயர் மாறவே இல்லை!

வடக்கே மெக்கார்க்கிள் பிளேஸ் என்ற புல்வெளிக்குப் போனால், கருங்கல் மேசை ஒன்றைக் காணலாம். சுமார் 300 சிறிய வெண்கல மனிதர்கள் கையை உயர்த்தி அந்தக் கல்லைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தைக் கட்டிய, பெயர் சொல்லப்படாத உழைப்பாளிகளுக்காகக் கொரியச் சிற்பி டோ ஹோ சூ செய்தது. 2002ஆம் ஆண்டு மாணவர்களின் அன்பளிப்பு. மேசை உயரம் குறைவு. சுற்றிக் கல் இருக்கைகள் இருப்பதால் அதன் மேலே தட்டை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பாராட்டா அவமதிப்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நின்று பார்க்க வேண்டுமானால் குனியத்தான் வேண்டும். அதற்குச் சற்றுத் தள்ளி உயரமான பீடத்தில் 1913இலிருந்து, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படைவீரன் சிலை நின்றது. 2018 ஆகஸ்ட் 20 இரவு போராட்டக்காரர்கள் அதை இழுத்துத் தள்ளினார்கள்.

இனி நிகழ்காலம். இனத்தைக் கருதி மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலர் அதை ஹார்வர்டு வழக்கு என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். வழக்கில் இன்னொரு எதிர்த்தரப்பு இதே வட கரோலினா பல்கலைக்கழகம். ஆசிய மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்பது ஹார்வர்டு வழக்கின் மைய வாதம் என்பதால் இந்தியப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் 1965இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டதால்தான் இந்தியர்கள் பெருமளவில் இங்கே வர முடிந்தது. அந்தச் சட்டம் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், அதே சூட்டில் வந்தது. கேரியில் வீடு வாங்கியிருக்கும் நமக்கும் சௌத் ரோட்டுக் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

தீர்ப்புக்குப் பிறகு மாநிலச் சட்டமன்றங்கள் அடுத்தடுத்து, எல்லா இனத்தவருக்கும் இடம் கிடைக்கச் செய்யும் பன்முகத்தன்மைத் திட்டங்களை வெட்டத் தொடங்கின. யூட்டா பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த கறுப்பினப் பண்பாட்டு மையம், புதிய மாநிலச் சட்டத்தால் 2024இல் மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் வட கரோலினாவின் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவும் தன் பன்முகத்தன்மைக் கொள்கையை நீக்கியது. சேப்பல் ஹில்லில் அதற்கான அலுவலகம் மூடப்பட்டது, பதவிகள் போயின. அந்த அலையில் ஸ்டோன் மையம் மூடப்படவில்லை.

ஏன் ஒன்று போனது, ஒன்று நின்றது? சட்டத்தின் வாசகங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பது நேரடிப் பதில். ஆனால் மாணவர் ஆதரவுச் சேவை என்ற பெயரில் ஓர் அலுவலகமாக இயங்குவதை, ஒரு சுற்றறிக்கையில் இல்லாமல் ஆக்கிவிடலாம். ஊழியர்களை வேறு துறைக்கு மாற்றிப் பலகையைக் கழற்றினால் முடிந்தது. நூலகமும் கலைக்கூடமும் அரங்கமும் ஆய்வும் உள்ள, நன்கொடையாளர் பெயர்கள் சுவரில் இருக்கிற கட்டடத்தை அப்படி எளிதாகக் கலைக்க முடியாது. தற்காலிக அறை போதாது, தனிக் கட்டடமாக வேண்டும் என்று 1992இல் மாணவர்கள் அடம்பிடித்ததை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். கட்டடமும் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை; பட்ஜெட்டைக் குறைத்து, பதவிகளை நிரப்பாமல் விட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே ஒரு மையத்தை உயிரற்றதாக்க முடியும். பூட்டுப் போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. நிகழ்ச்சிப் பட்டியலின் நீளத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: வகுப்புகள் நடக்கும் மாதங்களில், வார நாளில் போங்கள். கோடையில் வளாகமே காலியாகக் கிடக்கும். கலைக்கூடத்தில் கண்காட்சி நடக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. வில்சன் நூலகத்தையும் சேர்த்துப் பார்க்க அரை நாள் வேண்டும். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையில் சொந்த மைதானத்தில் கால்பந்து ஆட்டம் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது.